மூச்சுவிடும் சுவரும் வெல்வெட்டு உறையும்

லூயிஸ் குடியிருந்த வீட்டுக்கு நுரையீரல் பொருத்தினார்கள். லூயிஸுக்கு அல்ல, வீட்டுக்கு. துறைமுகத்தின் நிலக்கரித் தளத்தில், கிரேன்களுக்குக் கையசைத்துச் சைகை காட்டியே வாழ்நாளைக் கழித்த அவருடைய நுரையீரல் பழுதுபட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனைச் சீர்செய்ய நிதி நல்க எந்த அறக்கட்டளையும் முன்வரவில்லை. அவருடைய வீடு நன்றாக மூச்சுவிட வேண்டும் என்பதற்கோ, கடல் கடந்து ஓர் அறக்கட்டளை முன்வந்தது.

அவ்வறக்கட்டளை இருந்த நாடு, ஊசியிலை மரங்களும் பனியும் மிகுந்தது. அங்கே சன்னலைத் திறந்தால் உள்ளே வருவது காற்று. எனவே, வீட்டைத் திறந்து வைத்தால் குடியிருப்போர் நலம் பெறுவர் என்று அந்நாட்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். இவ்வுண்மையைச் சென்னையின் வடகோடியில் உள்ள எர்ணாவூரிலும் மெய்ப்பிக்க விரும்பி, 'பசுமை இல்லமும் குடியிருப்போர் நலமும்' என்னும் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கினர். எர்ணாவூரில் சன்னலைத் திறந்தால் என்ன வரும் என்று அவர்கள் கேட்கவில்லை. தொலைவில் இருப்பவர்களிடம் அந்த அளவுக்கு எதிர்பார்ப்பதும் முறையன்று.

அருகில் இருந்தவர் கேட்டிருக்கலாம். திட்டத்தின் தலைவர் முனைவர் சுகிர்தம், இதே நகரத்தவர்தாம். ஆனால் நகரத்தின் மறு கோடியைச் சேர்ந்தவர். அவருடைய ஆய்வு மையம், சன்னல்களைத் திறக்கவே இயலாதபடி கண்ணாடியால் மூடிக் குளிரூட்டப்பெற்ற ஒரு கட்டடத்தில் இயங்கியது. அங்கே அமர்ந்துகொண்டுதான், இயற்கைக் காற்றோட்டத்தின் மேன்மையைக் குறித்து அவர் பல கட்டுரைகளை எழுதினார்.

எட்டாம் பிளாக்கின் மூன்றாம் மாடிக்கு லூயிஸும் அவர் மனைவி ஆலிஸும் தாமாக வந்தவர்கள் அல்லர். இராயபுரத்தில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளை அகற்றியபோது, குடிசை மாற்று வாரியம் அவர்களை எர்ணாவூருக்கு அனுப்பியது. பிளாக்கின் வடபுறத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. வாடைக் காற்று வீசும் மாதங்களில், காலையில் உலர்த்திய வெள்ளைத் துணி மாலைக்குள் யானை நிறம் எய்தும். ஆகவே, அங்கே குடிவந்த எவரும் முதலில் பால் காய்ச்சவில்லை. வடக்குச் சுவரின் காற்றுத் துளைகளில் சாக்கை அடைத்தார்கள். பால் காய்ச்சியது அதற்குப் பிறகே.

சுகிர்தம் முதன்முறை வீட்டைப் பார்வையிட வந்தபோது, அந்தச் சாக்கு அவர் கண்ணில் பட்டது. உடன் வந்த ஆய்வு உதவியாளன் ஜெரினை அருகில் அழைத்தார்.

"பாத்தியா ஜெரின், இவங்களே இவங்க மூச்ச அடைச்சு வெச்சிருக்காங்க. இதுக்குப் பேருதான் விழிப்புணர்வின்மை. எழுதிக்கோ."

நாகர்கோவிலிலிருந்து வந்து, முதுகலைப் பட்டத்தோடு அப்பணியில் சேர்ந்திருந்த ஜெரின் எழுதிக்கொண்டான். எழுதிக்கொள்வதே அவன் பணி.

"அத்த எட்த்தா சாம்பலு வரும் மேடம்," என்றார் லூயிஸ், கட்டிலில் அமர்ந்தபடியே.

"காத்து நல்லா வந்தா சாம்பல் தங்காதுங்க ஐயா. ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் வெளிய போயிடும். இதுக்குக் குறுக்குக் காற்றோட்டம்னு பேரு."

"வந்துட்டு அப்டியே பூடுமா? இன்னா, ரிட்டன் டிக்கெட் எட்த்துகினா வருது?"

"யோவ், கம்முனு இரு," என்று ஆலிஸ் அடக்கினாள். அவளுக்கு அந்த வடக்குச் சுவரோடு தனி வழக்கு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அது நீர் கசிந்தது. கோடையில் பூச்சு உதிர்ந்தது. வாரியத்துக்கு அவள் கொடுத்த மனுக்கள் யாவும் அச்சுவரைப் போலவே ஊறிப் போயின. இவர்களோ சுவரைப் புதிதாகவே கட்டித் தருகிறோம் என்றனர். அதற்கும் மேலாகச் சுகிர்தம் ஒரு சொல் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு இருக்குல்ல? அது குறையும்மா."

ஆலிஸ் வேறொன்றும் கேட்கவில்லை, கையொப்பம் இட்டாள்.

பழைய சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை துளைச் செங்கற்களால் ஒரு புதுச் சுவரை எழுப்பினர். சுண்ணாம்பு பூசினர். அதற்கு 'மூச்சுவிடும் சுவர்' என்று பெயரிட்டு, அப்பெயரையும் திட்டத்தின் பெயரையும் பச்சை வண்ணத்தில் ஒரு பலகையில் எழுதி மாட்டவும் செய்தனர். பார்வைக்கு அது மிகவும் அழகாக இருந்தது. மாலை வெயில் துளைகளின் வழியே விழும்போது, தரையெங்கும் கோலமிட்டாற்போல் ஒளி சிதறும். எதிர்வீட்டுச் செங்கொடி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யக்கா, செம்மையா கீது. அப்டியே எறும்புப் புத்து மாறி."

"வாய வெக்காத போடி."

"இல்லக்கா, வாட வந்தா இன்னா பண்ணுவே?"

"அது வந்தாலும் அப்டியே அந்தாண்ட பூடுமாம்."

செங்கொடி அந்தாண்டை திரும்பிப் பார்த்தாள். அந்தாண்டை இருந்தது அவள் வீடு.

ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் இருந்தன. துளைகளை எக்காரணம் கொண்டும் அடைத்தல் ஆகாது. அடைத்தால் திட்டம் அக்கணமே விலகிக்கொள்ளும். சுவர் இருந்த நிலையிலேயே விடப்படும். அதன் பின்னர் அதனைப் பழுதுபார்க்க வாரியமும் வராது, மையமும் வராது. ஆய்வு நிறைவுற்றது என்று சுகிர்தம் எழுதிக் கொடுக்கும் வரை, சுவர் விருப்பப்படி மூச்சுவிடும். லூயிஸ் இயன்றவாறு மூச்சுவிட வேண்டும்.

சுவரோடு ஒரு கருவியும் வந்தது. வெண்ணிறப் பெட்டி, முகத்தில் சிறு துளைகள், ஒரு பச்சை விளக்கு. வீட்டுக் காற்றில் எவ்வளவு மாசு உள்ளது என்பதை அது அளந்து, தானாகவே ஆய்வு மையத்துக்கு அனுப்பிவிடும்.

"ஆன்ட்டி, இத ரொம்பப் பத்திரமா பாத்துக்கிடணும்," என்று ஜெரின் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டான். "இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேல போயிரும். வெளிநாட்டுல இருந்து வந்தது. எங்க மேடம் என்னையவிட இதத்தான் பெருசா நெனைக்காவ."

"நீ கவலப்படாத நைனா. எங்கூட்ல ஒரு பொருளு கெட்டுப்போனதா சரித்திரமே கெடையாது," என்றாள் ஆலிஸ்.

அது உண்மை. ஆலிஸின் வீட்டில் உறையின்றி இருந்த பொருள் லூயிஸ் மட்டுமே. தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, மிக்சிக்கு உறை, குளிர்பெட்டியின் தலைக்கும் அதன் கைப்பிடிக்கும் தனித்தனியே உறை. தொலைக்காட்சியின் ரிமோட், வாங்கிய நாளில் அதனோடு வந்த பாலிதீன் பையை இன்றளவும் துறந்ததில்லை. இராயபுரத்தில் கோயில் பீடத்துக்கு விரிப்புகள் தைத்துக் கொடுத்த கை அது. எந்தப் பொருளையும் அம்மணமாக விட அதற்கு மனம் வராது. அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளிக் கருவி! அதனை வேளாங்கண்ணி மாதாவின் படத்துக்கு அருகில், வீட்டின் மிக உயர்ந்த மரியாதைக்குரிய இடத்தில் அமர்த்தினாள். அன்று மாலையே அதனை ஒரு கெட்டியான பாலிதீன் பையில் இட்டு, வாயை இரப்பர் வளையத்தால் கட்டினாள். அதன் மேல், பீட விரிப்பு தைத்தபோது மீந்திருந்த ஊதா வெல்வெட்டில் உள்துணி கொடுத்து, ஓரத்தில் வெள்ளை லேஸ் வைத்துத் தைத்த உறையைப் போட்டாள். கருவி ஆயர் ஒருவர் அமர்ந்திருப்பதைப் போல் விளங்கிற்று.

அவ்வுறையைக் கழற்றும் நேரமும் உண்டு. வீட்டுக்கு மனிதர் வரும்போது பொருள்களை மூடி வைத்திருப்பது, 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சம்பந்திகள் வந்தால் சோபாவின் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். ஆகவே, வாரந்தோறும் ஜெரினின் வண்டி கீழே வந்து நிற்கும் ஓசை கேட்டதும் ஆலிஸ் எழுவாள். அந்த பிளாக்கின் லிப்ட், அதனைத் திறந்துவைத்த அமைச்சர் இறங்கிப் போனதோடு நின்றுவிட்டது. ஜெரின் படியேறி, இளைத்து, கதவருகே வந்து நிற்பதற்குள் வெல்வெட்டும் பாலிதீனும் மடிக்கப்பெற்று அலமாரிக்குள் போய்விடும். கருவி பச்சை விளக்கோடு அவனை வரவேற்கும். அவன் பார்த்து, தொட்டு, மகிழ்ந்து, தேநீர் அருந்திச் செல்வான். அவன் தலை மறைந்ததும் உறை ஏறிவிடும்.

வாடை வந்தது. சுவர் சொன்ன சொல் தவறாமல் மூச்சுவிட்டது. ஆனால் உள்ளிழுத்ததேயன்றி வெளிவிடவில்லை. சமைத்து இறக்கிய சோற்றின் மேல் மூடியைத் திறக்க ஆலிஸ் அஞ்சினாள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மட்டும் வந்து போன லூயிஸின் இழுப்பு, இப்போது நிரந்தரமாகக் குடியேறியது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்கு அவர் இரண்டு இடங்களில் நிற்க வேண்டியதாயிற்று. கேலியையும் தவணை முறையில்தான் செய்தார்.

"இந்தாமே... சொவுரு நல்லா மூச்சு விடுது பாரு... எனுக்கும் சேத்து."

ஆலிஸ் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பழைய சேலை ஒன்றைத் துளைகளின் மேல் கட்டினாள். அது ஜெரின் எடுத்த படத்தில் விழுந்து, மையத்தைச் சென்றடைந்தது. மறுநாளே எச்சரிக்கை வந்தது. சேலை இறங்கிற்று. அதற்குப் பின்னர், வாடை கடுமையாக இருக்கும் நாள்களில் லூயிஸ் தம் தலையணையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்ப் படுக்கத் தொடங்கினார். செங்கொடியின் வீட்டில் விழிப்புணர்வு இன்மையால், சாக்கு அடைத்த இடத்திலேயே இருந்தது.

"வா மாமா," என்று செங்கொடியின் கணவன் பாயை நகர்த்திப் போடுவான். "பச்ச வூட்டுக்காரரு நம்ம கலீஜ் வூட்டாண்ட வந்துகிறாரு."

ஆலிஸ் ஜெரினிடம் முறையிட்டாள். "தம்பி, உங்க மேடத்தாண்ட சொல்லு. அந்த ஓட்டய அடச்சிக்க ஒரு வார்த்த குட்த்தா போதும். வேற ஒண்ணியும் வாணாம். மனுசன் வூட்ல படுக்க முடியாம எதுத்தாப்ல போய்ப் படுத்துகினு கீறாரு."

ஜெரின் சொன்னான். சுகிர்தம் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் ஓடிய கோடு, தரையோடு தரையாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டின் காற்று, அவர்கள் அமர்ந்திருந்த குளிரூட்டிய அறையின் காற்றைவிடத் தூய்மையாக இருந்தது. அறக்கட்டளையின் தலைமையகம் அமைந்த ஊசியிலைக் காட்டைவிடவும் தூய்மையாக இருந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கூச்சப்பட்டார்.

"பெரியவருக்கு இருமல்னு சொல்றாங்க மேடம்..."

"அது மனசு சம்பந்தப்பட்டது ஜெரின். இவ்வளவு நாளா கெட்ட காத்துக்குப் பழகின உடம்பு. நல்ல காத்த ஏத்துக்கச் சிரமப்படுது. டேட்டா பொய் சொல்லாது."

உடல்நல வினாத்தாளும் அவர் பக்கமே பேசிற்று. காற்றின் தரம் குறித்து லூயிஸ் கூறிய விடை, 'பேஜாரு' என்பது. வினாத்தாளிலோ 'மிக நன்று', 'நன்று', 'ஓரளவு நன்று' என மூன்றே கட்டங்கள் இருந்தன. ஜெரின் மனச்சான்றுக்கு அஞ்சி 'ஓரளவு நன்று' என்பதில் குறியிட்டிருந்தான்.

ஆயினும், அத்தாழ்ந்த கோட்டில் ஒரு புதிர் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை அது திடீரென்று பனைமரம் போல் நிமிர்ந்தது, சற்று நேரம் நின்றது, மீண்டும் படுத்துக்கொண்டது. சுகிர்தம் கூர்ந்து ஆராய்ந்தார். அந்நேரங்களை ஜெரினின் பயணக் குறிப்போடு பொருத்திப் பார்த்தார். பிறகு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைத் தலை முதல் கால் வரை நோக்கினார்.

"நீ போகும்போதெல்லாம் ஏறுது, ஜெரின்."

"நானா மேடம்?"

"தலைக்கு என்ன எண்ணெய் வெக்கிற?"

அவன் தேங்காய் எண்ணெய் நிறுத்தப்பட்டது. முகப்பூச்சு மாவு நிறுத்தப்பட்டது. காலணியைத் தரைத்தளத்திலேயே கழற்றிவிட்டு ஏறுமாறு பணித்தனர். அங்ஙனம் விட்ட காலணி இரண்டாம் வாரமே களவு போயிற்று, மாசு குறையவில்லை. குளித்துவிட்டுச் சென்றான், குறையவில்லை. சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு நுழைந்தான். கோடு முன்னினும் உயரமாக எழுந்தது. ஏனெனில், அன்று வாடை அதிகம். இறுதியில் சுகிர்தம், 'உள்வளி மாசுக்கு முதன்மைக் காரணம் வெளியாரின் வருகையே' என்னும் அரிய முடிவை ஒரு கட்டுரையாக வடித்தார். அது ஒரு புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. ஜெரின் அதில் 'மாசு மூலம்' என்று குறிக்கப்பெற்றிருந்தான். பெயர் போடவில்லை, அவ்வளவில் கருணை.

அக்கட்டுரையின் பயனாக, இரண்டாம் கட்ட நிதியை அறிவிக்கும் பொருட்டு, அறக்கட்டளையின் இந்தியப் பிரதிநிதி தவசிமுத்து வீட்டை நேரில் காண வருவதாகச் செய்தி வந்தது. ஜெரின் முதல் நாளே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஆன்ட்டி, நாளைக்கு மட்டும் அங்கிள் கொஞ்சம் வெளிய இருந்தா நல்லதுன்னு மேடம் சொன்னாவ. வாறவிய முன்னாடி இருமினா நல்லாருக்காதுல்லா?"

"குடியிருப்போர் நலம்னு பலவையில எழுதிக்கிது," என்றார் லூயிஸ். "குடியிருக்கறவன்... வெளிய போணுமா?"

"நீ போயா. நான் பாத்துக்கறேன்," என்றாள் ஆலிஸ். பிரதிநிதியிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். நிதி நல்குபவர், அவர் ஒரு சொல் சொன்னால் துளை அடைபடும், கணவர் தம் கட்டிலில் படுப்பார். கேட்க வேண்டியதை அடுப்படியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உடுப்பதற்கு, ஈஸ்டருக்கு எடுத்த சேலையை வெளியே வைத்தாள்.

மறுநாள் அவள் கணக்கு ஓரிடத்தில் தவறிற்று. பெரியவர் வருகிறார் என்பதற்காக, யாரோ அன்று காலையில் லிப்டைப் பழுதுபார்த்துவிட்டார்கள். படியேறி இளைக்கும் ஓசைக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கையில், அவர்கள் ஓசையின்றி வந்து வாசலில் நின்றார்கள்.

தவசிமுத்து முதலில் நுழைந்தார். மாதாவின் படத்தருகே, ஊதா வெல்வெட்டும் வெள்ளை லேசும் போர்த்து வீற்றிருந்த திருவுருவை நோக்கினார். உடனே காலணியைக் கழற்றி ஓரமாக விட்டு, மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். பின்னால் வந்த சுகிர்தம் சுவர்களை ஒவ்வொன்றாகத் துழாவினார்.

"மெஷின் எங்கம்மா?"

ஆலிஸுக்கு நாணத்தால் முகம் சிவந்தது. மூடி வைத்திருக்கும்போது பார்த்துவிட்டார்களே! "ஐயோ, மன்னிச்சிக்கங்க மேடம், இதோ... ஒரு நிமிசம்..." என்று பதறியபடி வெல்வெட்டை எடுத்தாள். இரப்பர் வளையத்தை அவிழ்த்தாள். பாலிதீன் பையை உரித்தாள். கருவி வெளிப்பட்டது. தவசிமுத்து தாம் வணங்கிய பொருளைக் கண்டு, கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அவர் மற்றொரு கையில் வைத்திருந்த பலகைக் கணினியில், அவ்வீட்டின் காற்று நேரலையாகத் தெரிந்துகொண்டிருந்தது. பச்சையாக இருந்த எண் மஞ்சளாயிற்று; செம்மஞ்சளாயிற்று; சிவப்பாயிற்று. அதற்கும் மேலே ஏறி, வெல்வெட்டைப் போலவே ஊதா நிறம் அடைந்து நின்றது.

முதலில் வாய் திறந்தவன் ஜெரின்.

"ஆன்ட்டி... இது எப்பவும் மூடித்தான் கெடக்குமா?"

"பின்ன? தொறந்தா வெப்பாங்க? நீ வரும்போது மட்டும் எட்த்துருவேன். உன்னாண்ட மரியாத இல்லாத மாறி ஆயிடும் இல்ல?"

"எதுக்கு ஆன்ட்டி மூடுனீங்க?" அவன் குரல் அழுகைக்கு அருகில் இருந்தது.

"நல்லா கேட்ட போ. இந்தத் தூசியில மெஷினு தாங்குமா நைனா? ஒரே வாரத்துல நாஸ்தி ஆயிடாது?"

அத்தருணம் பார்த்து, நடைவழியிலிருந்து லூயிஸின் இருமல் கேட்டது. அதனை நிறுத்த அவர் முயன்றதும், முயற்சி தோற்றதும், செங்கொடி அவர் முதுகைத் தட்டியதும் ஒவ்வொன்றாகக் கேட்டன. பிறகு செங்கொடி கதவருகே தலையை நீட்டினாள்.

"மெஷினுக்கு வெல்வெட்டுப் போர்வ, மாமாக்கு வாடக் காத்து. நல்லா கீதும்மா உங்க ஆராச்சி!"

ஆலிஸ் ஒத்திகை பார்த்த சொற்கள் யாவும் மறந்துபோயின. கையில் உறையோடு அவள் தவசிமுத்துவின் முன் போய் நின்றாள்.

"ஐயா, எனுக்குப் படிப்பு கெடையாது. இந்த மெஷினு இத்தினி நாளும் நோவு நொடி இல்லாம கீது. துணிக்குள்ள வெச்சிருந்தேன், நல்லா கீது. எங்கூட்டுக்காரரத் தொறந்து வெச்சிட்டீங்க, அவரு அப்டிக் கீறாரு. அந்தச் சொவுத்துக்கும் ஒரு துணி போட்டுக்கறேன், வுட்ருங்க. ஓட்ட அப்டியே இருக்கட்டும். நான் தொடல. மேல ஒரு துணி. அவ்ளோதான்."

தவசிமுத்து சுகிர்தத்தைப் பார்த்தார். சுகிர்தம் தவசிமுத்துவைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் பல செய்திகள் பரிமாறப்பட்டன. ஓராண்டுத் தரவு ஒரு பாலிதீன் பையின் உட்புறத்தைப் பற்றியது என்று எழுதினால், சுகிர்தத்தின் கட்டுரை போகும். அதனைப் படித்துப் பாராட்டிக் கடல் கடந்து பரிந்துரைத்த தவசிமுத்துவின் பதவியும் போகும். உண்மையால் ஆதாயம் அடையக்கூடியவர், வெளியே இருமிக்கொண்டிருந்த ஒருவர் மட்டுமே. அவரோ அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அறிவு என்பது இக்கட்டில்தான் ஒளிவிடும். சுகிர்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், இதைத்தான் உங்களுக்கு நேர்ல காட்டணும்னு நெனச்சேன். துணி போட்டா எவ்வளவு, எடுத்தா எவ்வளவு, நீங்களே கண்ணால பாத்தீங்க. இது மக்கள் தாங்களே கண்டுபிடிச்ச முறை. இரண்டாம் கட்டம் முழுக்க இதப் பத்தித்தான்."

தவசிமுத்துவின் முகத்தில் உயிர் திரும்பிற்று. "அருமை மேடம். இதுக்கு என்ன பேர் வெக்கலாம்?"

"மரபுவழி மென்துகில் வடிகட்டி," என்றார் சுகிர்தம், மூச்சு விடாமல்.

"அப்போ துணி போட்டுக்கலாமா?" என்று ஆலிஸ் கேட்டாள். பெயர் அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் முகம் மலர்ந்தது மட்டும் விளங்கிற்று.

"போட்டுக்கலாமா இல்லம்மா. போட்டே ஆகணும். எடுத்தா ஒப்பந்த மீறல்."

இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்தது. வெல்வெட்டும் வந்தது, திட்டம் பசுமைத் திட்டம் ஆகையால் பச்சை வெல்வெட்டு. ஆலிஸ் தன் தையல் இயந்திரத்தின் உறையை எடுத்துவிட்டு அமர்ந்தாள். தரை முதல் கூரை வரை ஒரே திரை; உள்ளே பாலிதீன்; ஓரத்தில் வெள்ளை லேஸ். நான்கு பக்கமும் சட்டம் அடித்து இறுக்கினார்கள். மூச்சுவிடும் சுவர், திரைக்குப் பின்னால் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அதனைக் கேட்பார் இல்லை. லூயிஸ் தம் தலையணையோடு வீடு திரும்பினார். முதல் நாள் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இன்னாயா பாக்கற?"

"முன்னாடி சாக்கு வெச்சி அடச்சிருந்தோம். இப்ப வெல்வெட்டு. நடுவுல இன்னா ஆச்சி?"

"ஆராச்சி ஆச்சி. படு."

புழுக்கம் இருந்தது. உடல் வியர்த்தது. ஆயினும் இருமலுக்கு வியர்வை மேல் என்று, இரண்டையும் நுகர்ந்து பார்த்த லூயிஸ் தீர்ப்பளித்தார். சில வாரங்களில் அவர் ஒரு வாக்கியத்தை நிற்காமல் சொல்லி முடிக்கும் அளவுக்குத் தேறினார். அடுத்த அறிக்கையில், இயற்கைக் காற்றோட்டத்தால் அவர் உடல்நலம் மேம்பட்டதாக எழுதப்பட்டது. கருவி உறையின்றி இருக்க வேண்டும் என்று எழுத்து மூலமான ஆணை வந்தது. ஆலிஸ் அதற்கு உடன்பட்டு, ஒவ்வொரு நாளும் அதனைப் பார்த்துப் பார்த்து வருந்தினாள். ஜெரின் மீண்டும் எண்ணெய் வைக்கலானான். ஆனால் மாசு மூலம் என்னும் பட்டம் நீங்கவில்லை. அச்சேறிய கட்டுரையைத் திருத்துவது மரபன்று என்று சுகிர்தம் கூறிவிட்டார்.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருக்கையில், முதற்கட்டத்தின் வெற்றியை வாரியம் படித்துவிட்டது. எட்டாம் பிளாக் முழுவதற்கும் மூச்சுவிடும் சுவர் அமைக்க ஆணை பிறந்தது. முதலில் இடிபட்டது செங்கொடியின் சுவர்.

"வெல்வெட்டு எப்பப்பா குடுப்பீங்கோ?" என்று செங்கொடி ஜெரினைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மூணாம் கட்டத்துல அக்கா."

"அது எப்போ?"

"ரெண்டாம் கட்டம் முடிஞ்ச பெறவு."

அன்று மாலை வாடை எழுந்தது. செங்கொடியும் அவள் கணவனும் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செங்கொடியின் தலைமயிரில் சாம்பல் படிந்திருந்தது. வாசற்படியைத் தாண்ட அவள் தயங்கினாள்.

லூயிஸ் கட்டிலிலிருந்து எழுந்தார். பச்சை வெல்வெட்டின் முன்னே கையை அகல விரித்து, கிரேனுக்குச் சைகை காட்டுபவரைப் போல் அவர்களை உள்ளே அழைத்தார்.

"வா வா செங்கொடி. ஆனா காலு தலையெல்லாம் வெளியவே ஒதறிகினு வா. வெளியாளு வந்தாத்தான் வூட்ல தூசு ஏறுதுன்னு பொஸ்தகத்துலயே போட்டுக்கிறாங்கோ!"

சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வரும் என்று ஆலிஸ் வழக்கம்போல் வெந்நீர்க் குவளையோடு நின்றாள். வரவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, மீந்த வெல்வெட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, செங்கொடியின் சுவரை அளக்க எதிர்வீட்டுக்குப் போனாள்.